ஓடையின் முகவரி

அறிவை மறைப்பது குற்றம் என்பது நம் சமுதாயத்தில் சிறு பிள்ளையும் அறிந்த செய்தி. தன்னிடம் கேட்கப்பட்ட கல்வியை மறைத்தவனுக்கு மறுமையில் நெருப்பாலான கடிவாளம் பூட்டப்படும் என்ற கருத்தமைந்த நபிமொழியை மதரஸாத் திண்ணையில் கேளாதார் நம்மில் இரார். கற்றதைக் கற்பித்தல் கடமை. கேட்டு வந்தவனை வெறுங்கையுடன் அனுப்புதல் பொருளில் காட்டும் கஞ்சத்தனத்தினும் இழிந்தது. இவ்வாறுதான் நாம் வளர்க்கப்பட்டோம். ஆயினும், அறிந்த ஒன்றைச் சொல்லாதிருப்பதே கடமையாகிவிடும் வேளையும் உண்டா? உண்டெனில், அவ்வேளையில் வாய்மூடி இருப்பவர் அந்த எச்சரிக்கைக்கு ஆளாவாரா? அரசாங்க இரகசியங்களையும் போர்த் தந்திரங்களையும் வைத்து இக்கேள்வியை எழுப்புதல் எளிது. நாம் இதனை இங்கு எழுப்ப நேர்ந்ததோ, ஒரு சாண் நீளமும் இல்லாத ஒரு மலைப்பிராணியை முன்னிட்டு.

ஈரான் நாட்டின் தென்மேற்கில் ஜாக்ரோஸ் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் தென்பகுதியில் லூரிஸ்தான், கூஸிஸ்தான் என்னும் இரு மாகாணங்கள் சந்திக்கும் இடத்தில் கருவாலி மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் வறண்ட மலைச்சரிவுகள் உள்ளன. குளிர்காலத்தில் மழை, கோடையில் நெருப்பு வெயில். இச்சரிவுகளின் பாறை இடுக்குகளில் பிறந்து சிறிது தூரம் ஓடிக் குட்டைகளில் தேங்கும் ஊற்றுநீரை நம்பி ஓர் உயிரினம் வாழ்கிறது. தோற்றத்தில் பல்லி, இனத்தில் தவளைக்கு உறவு. உடல் கறுப்பு, அதன்மேல் பால் வெள்ளையில் திட்டுத்திட்டாகப் புள்ளிகள், பிடரியிலிருந்து வால்வரை முதுகின் நடுவே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு, கால்களும் வயிறும் அதே நிறம். குளிர்காலம் முடிந்து வசந்தம் பிறக்கையில் நீரில் இறங்கி இணைகூடி முட்டையிடும். நீர் வற்றத் தொடங்கியதும் கற்களுக்கடியிலும் பாறைப் பிளவுகளிலும் புகுந்துகொண்டு அடுத்த மழைக்காலம்வரை காத்துக் கிடக்கும். உலகில் இவ்விரு மாகாணங்களின் மலைகளைத் தவிர வேறெங்கும் இது இயற்கையில் இல்லை.

ஆங்கிலத்தில் சாலமாண்டர் எனவும் பாரசீகத்தில் ஸமந்தர் எனவும் வழங்கும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது இப்பிராணி. ஈரானியர் இதனை லூரிஸ்தான் ஸமந்தர் என்கின்றனர். தமிழில் இக்கூட்டத்திற்குப் பெயரில்லாமற் போனதில் வியப்பில்லை. தமிழகத்து மலைகளிலோ இலங்கை மலைகளிலோ இவ்வினத்தில் ஒன்றுகூட இல்லை. இந்தியாவிலேயே டார்ஜிலிங் முதலிய இமயச் சாரலிலும் வடகிழக்கு மலைகளிலும் மட்டுமே இக்கூட்டத்தின் உறவுகள் சில வாழ்கின்றன. கண்ணால் காணாத பொருளுக்குப் பெயர் வைப்பாரும் இலர். ஆனால், கண்ணால் காணாமலே கதை கட்டியவர்கள் உண்டு. எகிப்து நாட்டு அறிஞர் தமீரீ பதினான்காம் நூற்றாண்டில் தொகுத்த விலங்கு நூலில் ஸமந்தல் என்றொன்று வருகிறது. அது பறவை என்பாரும் உளர்; விலங்கு என்பாரும் உளர்; தீயில் புகுந்தாலும் வேகாது என்பதில் எல்லாரும் உடன்பட்டனர். பாரசீகக் கவிஞர்களுக்கோ ஸமந்தர் என்றால் இறைக்காதலின் நெருப்பில் குடியிருக்கும் ஆன்மா. உண்மை ஸமந்தரின் தோல் முற்றிலும் உலர்ந்துபோனால் அது மாண்டுபோகும் என்பதை அக்கவிஞர்கள் அறிந்திருந்தால் உவமை வேறு திசையில் சென்றிருக்கும்.

இதனை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயரிட்டவர் அமெரிக்கர் கார்ல் பாட்டர்சன் ஷ்மிட், ஆண்டு 1952. சிகாகோ நகரின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்வனவற்றையும் ஆராய்ந்த பெரும் அறிஞர் அவர். கைசர் என்பவரின் பெயரை இப்பிராணிக்குச் சூட்டினார். கிடைத்த இடம் லூரிஸ்தானின் ஷாபாஸான் என்று எழுதினார். ஷாபாஸான் ஒரு சிறிய இரயில் நிலையம். காஸ்பியன் கடலோரத்தையும் பாரசீக வளைகுடாவையும் இணைக்க 1938இல் கட்டி முடிக்கப்பட்ட இருப்புப்பாதை, குகைக்குமேல் குகையாகக் குடைந்து செல்லும் மலைப்பகுதியில் அது இருக்கிறது. 2021இல் அந்த இருப்புப்பாதை முழுவதும் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஷ்மிட்டைப் பற்றி இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுதல் தகும். 1957ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், இனங்காண்பதற்காக அவரிடம் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மரப்பாம்புக் குட்டி ஒன்று அவரைத் தீண்டியது. அத்துணைச் சிறிய பாம்பின் நஞ்சு உயிரைப் போக்கும் என்று அவர் கருதவில்லை. உடம்பில் தோன்றிய ஒவ்வொரு குறியையும் நேரத்துடன் குறித்துக்கொண்டே வந்தார். மறுநாள் இறந்தார். பிறருக்குப் பயன்படுமே என்று தம் மரணத்தின் அடையாளங்களைக்கூட மறையாமல் எழுதிவைத்துப் போன மனிதர் அவர். அத்தகையவர் ஓர் ஊரின் பெயரை எழுத அஞ்சுவாரா? அஞ்ச வேண்டிய தேவையும் 1952இல் இருக்கவில்லை.

அறிவியலார் ஏன் இடத்தை எழுதுகிறார்கள் என்பதை ஹதீஸ் கலையின் மணத்தைச் சிறிது நுகர்ந்தவரும் எளிதில் உணர்வர். ஒரு நபிமொழியை யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற ஸனது இல்லாவிடில் நம் இமாம்கள் அதனை ஏற்க மாட்டார்கள். சொற்றொடர் எவ்வளவு அழகாயிருப்பினும் வந்த வழி தெரியாவிடில் அது தள்ளுபடி. அருங்காட்சியகச் சீசாவில் மிதக்கும் பிராணிக்கும் அதே விதி. எங்கே, எந்நாளில், யார் கையால் கிடைத்தது என்ற சீட்டு கழுத்தில் இல்லாவிடில் அது வெறும் இறைச்சித் துண்டு. வேறொருவர் அதே இடத்திற்குச் சென்று சரிபார்க்க முடிய வேண்டும். ஐம்பதாண்டு கழித்துச் செல்பவர் அது இன்னும் இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்று சொல்ல முடிய வேண்டும். ஆகவே இடத்தை மறைப்பது அறிவின் ஸனதை அறுப்பதாகும். இதனை மனத்தில் இருத்திக்கொண்டே மேலே செல்ல வேண்டும். இல்லாவிடில் மறைத்தலை மிக மலிவாக நியாயப்படுத்திவிடுவோம்.

பிறகு நடந்தது என்ன? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கண்ணாடித் தொட்டிகளில் இத்தகைய உயிர்களை வளர்த்து மகிழ்வோர் பலர். மூன்று வண்ணம் கொண்ட லூரிஸ்தான் ஸமந்தர் அவர்கள் கண்ணில் பட்டது. இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்தபின் இணையம் கடையாயிற்று. ஊர் பேர் தெரியாதவன் விற்க, ஊர் பேர் தெரியாதவன் வாங்கினான். ஈரானியச் சட்டம் இதனைப் பிடிக்க இடந்தரவில்லை. ஆயினும் ஓடைகளிலிருந்து அள்ளிச் சென்றனர். அந்நாட்களில் நான்கே ஓடைகளில்தான் இது இருக்கிறது என்று நம்பப்பட்டது. வளர்ந்த பிராணிகள் ஆயிரத்துக்கும் குறைவு என்று மதிப்பிட்டனர். அழிவின் விளிம்பில் நிற்பவை என்னும் மிகக் கடுமையான வகையில் சேர்த்தனர். 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் கத்தார் நாட்டின் தோஹா நகரில் கூடிய சைட்டீஸ் மாநாட்டில் ஈரான் அரசே முறையிட்டு, இதனை முதல் அட்டவணையில் ஏற்றியது. இயற்கையிலிருந்து பிடிக்கப்பட்டவற்றை நாடு விட்டு நாடு வணிகம் செய்தல் அன்றுமுதல் முற்றிலும் விலக்கப்பட்டது. இணைய வணிகத்தால் ஒரு பிராணிக்கு இப்பாதுகாப்புத் தேவைப்பட்டதென்று அன்று உலகமெங்கும் பேசினர்.

லூரிஸ்தானில் பிடித்தவர்களுக்கு வழிகாட்டியது எது என்று நாம் கூற வரவில்லை. ஆனால் ஆசியாவின் மறுகோடியில், லாவோஸ் நாட்டின் வடக்கு மலைகளில் வாழும் இன்னொரு ஸமந்தரின் வரலாறு ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டுள்ளது. பிரையன் ஸ்டூவர்ட்டும் தியடோர் பாப்பன்ஃபஸ்ஸும் அதனை 2002இல் விவரித்து, மரபுப்படி இடத்தையும் வெளியிட்டனர். அக்கட்டுரையையே கையில் வைத்துக்கொண்டு ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வணிகர்கள் அம்மலைக்குச் சென்று, கிராமத்தாருக்குக் காசு கொடுத்து ஓடைகளிலிருந்து எடுக்கச் செய்தனர். ஸ்டூவர்ட்டும் அவர் நண்பர்களும் 2006இல் 'சயன்ஸ்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஓர் உயிரினத்தை விவரிப்பதே அதற்குக் கேடாகலாம் என்பது அக்கடிதத்தின் சாரம். தாம் பெற்ற பிள்ளைக்குப் பெயர் சூட்டிய விழாவிலேயே திருடனுக்கும் அழைப்பு அனுப்பிவிட்டதை உணர்ந்த தந்தையின் மனநிலையை அதில் காண்கிறோம். 2017இல் அதே இதழில் டேவிட் லிண்டன்மயர், பென் ஷீலி என்னும் இரு ஆஸ்திரேலிய அறிஞர்கள், வேட்டைக்கு ஆளாகக்கூடிய அரிய உயிர்களின் இடங்களை வெளியிட வேண்டாம் என்று வெளிப்படையாகவே வாதிட்டனர். வெளியிடு, இல்லையேல் ஒழி என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட கூட்டத்திலிருந்து இக்குரல் எழுந்தது சாதாரணமன்று.

இனி நம் கேள்விக்கு வருவோம். நம் ஃபிக்ஹு நூல்களில் ஒரு வழக்கு உண்டு. திராட்சைச் சாறு ஹலால். அதை விற்பதும் ஹலால். வாங்குபவன் அதனை மதுவாக்குவான் என்று தெரிந்தும் அவனுக்கு விற்கலாமா? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) விற்கலாம் என்றார்கள். பாவம் மதுவாக்குபவனுடையது, சாற்றினுடையதன்று. அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் (ரஹ்) அதனை வெறுத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களோ, மதுவாக்குவான் என்பது உறுதியானால் விற்பது கூடாது, ஐயமானால் வெறுக்கத்தக்கது என்று பிரிக்கின்றன. ஓடையின் முகவரியும் திராட்சைச் சாற்றைப் போன்றதே. தன்னளவில் அது தூய அறிவு. ஆனால் அச்சிட்ட கட்டுரையில் ஒரு வேறுபாடு உண்டு. சாறு விற்பவன் எதிரில் நிற்பவன் முகத்தைப் பார்க்கிறான். முகவரியை அச்சிடுபவனோ இனிப் பிறக்கப்போகும் வாசகர்களுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விற்கிறான். உறுதிக்கும் ஐயத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவனால் காக்கவே இயலாது. ஆதலால் இவ்வழக்கில் நம் மனம் மாணவர்களின் பக்கமே சாய்கிறது.

வாங்கி வளர்ப்பவன் தரப்பையும் நேர்மையுடன் கேட்க வேண்டும். அவன் கூறுவான்: காட்டுப் பிராணி யாருடைய சொத்துமன்று, பிடித்தவனுக்கே உரியது என்று உங்கள் சட்டமே சொல்கிறது. நான் அதனைக் கொல்லவில்லை. வேளை தவறாமல் உணவளிக்கிறேன். பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் அபூஉமைர் என்னும் சிறுவன் ஒரு சிறு குருவியை வைத்து விளையாடினான். அண்ணலார் அதனைத் தடுக்கவில்லை. குருவி இறந்தபோது பரிவுடன் விசாரிக்கவும் செய்தார்கள். பூனையைக் கட்டிவைத்த பெண் தண்டிக்கப்பட்டது கட்டியதற்காக மட்டுமன்று, பட்டினி போட்டதற்காக. இவ்வாதத்தில் பொய் எதுவும் இல்லை. உயிர்களை வளர்ப்பதே பாவம் என்று சொல்லுவோரோடு நாம் சேர முடியாது.

ஆனால் குருவி ஒன்றுக்குக் கிடைத்த அனுமதியை ஓர் இனம் முழுவதற்கும் நீட்டிவிட முடியுமா? அருள்மறையின் ஆறாம் அத்தியாயம் முப்பத்தெட்டாம் வசனம், ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என அறிவிப்பதை நாம் அறிவோம். நாய்களும் சமுதாயங்களுள் ஒரு சமுதாயம் என்பதையே காரணமாக்கி, அவற்றை அடியோடு அழிக்கும் கட்டளையிலிருந்து பெருமானார் (ஸல்) அவர்கள் விலகியதாக ஹதீஸ் உண்டு. அதற்கு விரிவுரை எழுதிய கத்தாபீ (ரஹ்) போன்ற முன்னோர்கள், படைப்பினங்களுள் ஒன்றை ஒருவரும் மிஞ்சாமல் ஒழித்தல் வெறுக்கத்தக்கது. எதிலும் இறைவனின் ஞானம் ஏதோ ஒன்று உள்ளது என்று கருதினார்கள். தனிப் பிராணிக்குச் செய்யும் கொடுமை வேறு; உம்மத்துக்குச் செய்யும் கொடுமை வேறு என்ற பார்வை பத்து நூற்றாண்டுக்கு முன்பே நம் நூல்களில் வந்துவிட்டது. நான்கு ஓடைகளில் ஆயிரம் என்று எண்ணப்பட்ட நாளில் ஒவ்வொரு தொட்டியும் ஒரு சமுதாயத்தின் கூட்டத்திலிருந்து ஆள் கடத்தியதே ஆகும். கடத்தப்பட்டவன் நன்கு உண்டான் என்பது விடையன்று. இன்று சந்தையிலிருப்பவை பெரும்பாலும் தொட்டியிலேயே பிறந்தவை என்று சொல்லப்படுகிறது. அவற்றின் பாட்டனார் எந்த ஓடையிலிருந்து, யார் அனுமதியில் வந்தார் என்று கேட்டால் அங்கேயும் ஸனது அறுந்துதான் கிடக்கிறது.

ஆக, முகவரியை மறைக்கலாம். சில வேளை மறைத்தே தீர வேண்டும். இங்கேயே நாம் நிறுத்திக்கொண்டால் வசதியாக இருக்கும். ஆனால் மறைத்தல் வணிகனிடமிருந்து மட்டுமே காக்கும். சாலை போடும் பொறியாளரிடமிருந்து காக்காது. ஊற்றின் நீரைக் குழாயில் திருப்பித் தோட்டத்திற்குக் கொண்டு போகிறவருக்கு, அக்குட்டையில் உலகில் வேறெங்குமில்லாத ஓர் உயிர் முட்டையிடுகிறது என்று யாரும் சொல்லவில்லையெனில் அவரைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? ஜாக்ரோஸ் மலைகளில் வறட்சி அடிக்கடி வருகிறது. மனிதருக்கும் மந்தைகளுக்கும் நீர் வேண்டும். ஊற்றின்மேல் கை வைக்காதே என்று சொல்லுமுன் ஏன் என்று சொல்லியாக வேண்டும். இரகசியமாகவே அழிந்துபோன ஓடைக்கு அழுவதற்கும் ஆள் இருக்காது. அண்ணலார் (ஸல்) அவர்கள் மதீனாவை அடுத்த நகீஉ என்னும் பள்ளத்தாக்கை ஹிமா என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கியதை எல்லாரும் அறியச் செய்தார்கள். எல்லை தெரியாத ஹிமாவை யார் மதித்து நடப்பார்?

அப்படியானால் சொல்வதா, மறைப்பதா? அபூஹுரைரா (ரலி) அவர்கள் தாம் நபிகளாரிடமிருந்து இரு பாத்திர அளவு அறிவைப் பெற்றதாகவும், ஒன்றை மக்களிடையே பரப்பியதாகவும், மற்றொன்றைப் பரப்பினால் தம் கழுத்து அறுபடும் என்றும் கூறியதாக புகாரீ நூலின் கல்வி அத்தியாயத்தில் காண்கிறோம். அந்த இரண்டாம் பாத்திரத்தில் என்ன இருந்தது என்று அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக விவாதித்திருக்கிறார்கள். வரப்போகும் குழப்பங்களைப் பற்றிய செய்தி என்றனர் பலர். நமக்கு இங்கு வேண்டியது இவ்வளவே: அவர்கள் அதைக் கொட்டிவிடவில்லை, தம்மிடம் அது உண்டு என்பதையும் மறைக்கவில்லை. மறைக்கும் மனிதர் தாம் மறைக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு மறைத்தார். இன்று பொறுப்புள்ள ஆய்வாளர்கள் கடைப்பிடிக்கும் வழியும் ஏறத்தாழ இதுவே. ஓடையின் துல்லியமான இடத்தை அருங்காட்சியகத்திடமும் காப்பு அலுவலகத்திடமும் அமானிதமாக ஒப்படைக்கிறார்கள். அச்சில் மாகாணத்தின் பெயரையோ, ஒரு பள்ளத்தாக்கையே மூடும் பெரிய புள்ளியையோ மட்டும் இடுகிறார்கள். துல்லியம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டது என்று அதே பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். சரிபார்க்க வேண்டியவர் கதவைத் தட்டலாம். தட்டுகிறவர் முகத்தைப் பார்க்க முடிகிறது. ஸனதும் அறுபடவில்லை, சாறும் கண்ணை மூடிக்கொண்டு விற்கப்படவில்லை. அமானிதத்தை ஏற்றவர் நாணயமற்றவராயின் எல்லாம் பாழ் என்பது உண்மையே. எந்த அமானிதத்துக்குத்தான் அந்த ஆபத்து இல்லை?

மறைத்தலைப் பற்றி இவ்வளவு சொன்ன பின், ஆய்வதே ஒரு துன்புறுத்தலாகிவிடும் இடத்தையும் தொட்டுச் செல்ல வேண்டும். நேற்றுப் பார்த்த பிராணியையே இன்றும் பார்க்கிறோமா என்றறிய, தவளைகளுக்கும் ஸமந்தர்களுக்கும் கால்விரல் நுனியை வெட்டி அடையாளமிடும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. எண்ணிக்கைக்காக உறுப்பை வெட்டுவது தகுமா என்ற குரல் அறிவியலார் நடுவிலேயே எழுந்தது. லூரிஸ்தானுக்கு வடக்கே, கெர்மான்ஷா நகரிலுள்ள ராஸி பல்கலைக்கழகத்தார் இதன் நெருங்கிய உறவான மஞ்சள் புள்ளி ஸமந்தரிடம் வேறு வழியைச் சோதித்தனர். மனிதனின் கைரேகையைப் போல ஒவ்வொன்றின் புள்ளிக் கோலமும் தனித்தன்மை உடையது. படமெடுத்து ஒப்பிட்டால் போதும், கத்தி வேண்டாம். மருத்துவ மேதை அபூபக்ர் ராஸியின் பெயர் தாங்கிய கலாசாலையிலிருந்து இது வந்தது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இன்னும் ஒன்று: நெதர்லாந்து நாட்டின் காடுகளில் தீப்புள்ளி ஸமந்தர்கள் கூட்டங்கூட்டமாக மாண்டதற்குக் காரணமான ஒரு தோல் காளானை 2013இல் கண்டறிந்தனர். அது ஆசியாவிலிருந்து, பெரும்பாலும் இதே வளர்ப்பு வணிகத்தின் வழியே வந்தது என்று கருதுகின்றனர். அமெரிக்க அரசு 2016இல் 201 வகை ஸமந்தர்களின் இறக்குமதியைத் தடுத்தது இதனால்தான். அக்காளான் காலணிச் சேற்றிலும் பயணம் செய்யும். ஆகவே ஓடையில் இறங்குமுன் ஆய்வாளர் காலணிகளையும் வலைகளையும் மருந்து நீரில் கழுவிக்கொள்கிறார். வுளூ இன்றித் தொழுகை இல்லை என்று வளர்ந்த நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

இனி, இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்த பகுதிக்கு வருகிறோம். தோஹா தீர்மானத்துக்குப் பின் ஈரானிய ஆய்வாளர்கள் ஜாக்ரோஸ் சரிவுகளில் மீண்டும் ஏறி இறங்கினார்கள். நான்கு ஓடைகளோடு கதை முடிந்ததா என்று ஊற்று ஊற்றாகத் தேடினார்கள். 2014இல் அவர்கள் வெளியிட்ட மறுமதிப்பீடு எதிர்பாராதது: லூரிஸ்தான் ஸமந்தர் முன்பு எண்ணியதைவிட மிக அதிகமான இடங்களில் இருந்தது, தொகையும் அந்த ஆயிரத்தைப்போல் பல மடங்கு. அதன் பயனாக 2016இல் உலகச் செம்பட்டியலில் இது இரண்டு படிகள் இறக்கப்பட்டது. அழிவின் விளிம்பில் நிற்பவை என்ற வகையிலிருந்து, பாதிப்புக்கு ஆளாகக்கூடியவை என்ற வகைக்கு வந்தது.

இதனை ஒரு நற்செய்தி என்று மட்டும் கருதிக் கடந்துவிடலாம். ஆனால் அந்த ஆய்வாளர்கள் இருந்த இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். பிராணிக்குக் கிடைத்த பாதுகாப்பெல்லாம் அது ஆயிரத்துக்கும் குறைவு என்ற ஒரு சொல்லின்மேல் நின்றது. உலகின் இரக்கமும் பணமும் அருகி வருவதைத்தான் தேடி வருகின்றன. பெருகி இருப்பதைத் தேடி வருவதில்லை. கண்டதைச் சொன்னால் கெடுபிடி தளரலாம், உதவி குறையலாம், முன்பு சொன்னதெல்லாம் மிகையென்று வணிகன் கைகொட்டிச் சிரிக்கலாம். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பிராணியின் நன்மைக்காகத்தானே என்று மனச்சாட்சிக்கும் ஒரு தாலாட்டுப் பாடிவிடலாம். நல்ல நோக்கத்துக்காக ஓர் எண்ணைச் சிறிது அழுத்திச் சொல்லுதல், அல்லது சொல்லாமல் விடுதல், நம் பொதுவாழ்வில் எவ்வளவு சகஜம் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. சமுதாயச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளைப் படித்தவர்கள் அறிவார்கள்.

முகவரியை மறைப்பதற்கும் எண்ணிக்கையை மறைப்பதற்கும் இடையிலுள்ள கோடு இங்கேதான் விழுகிறது என்று நாம் கருதுகிறோம். இரண்டும் அறிந்ததைச் சொல்லாமல் விடுவதே. இரண்டும் அதே பிராணியின் நன்மைக்கே. ஆயினும் முகவரியை மறைப்பவர் தீங்கு செய்யக்கூடியவன் கையில் கருவியைக் கொடுக்க மறுக்கிறார். உலகம் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி யாரையும் அவர் ஏமாற்றவில்லை. எண்ணிக்கையை மறைப்பவரோ எல்லாரையும் ஏமாற்றுகிறார். ஸமந்தரை நேசித்து உதவியவரை அதிகமாகவே ஏமாற்றுகிறார். அளவிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிக்க அருள்மறையில் ஓர் அத்தியாயமே உள்ளது. நிறுக்கப்படுவது தானியமாயினும் உயிர்களின் தொகையாயினும் தராசு ஒன்றே. அந்த ஈரானிய ஆய்வாளர்கள் ஓடை ஓடையாக எண்ணியதை எண்ணியபடியே அச்சேற்றினார்கள். தோஹா தீர்மானம் அதனால் இடிந்து விழவில்லை. லூரிஸ்தான் ஸமந்தர் முதல் அட்டவணையிலேயே நீடித்தது. ஒருவேளை இடிந்திருந்தாலும் அவர்கள் செய்ததே சரி என்போம் நாம். இதில் நம்மோடு முரண்படும் நண்பர்கள் உண்டு. அழிந்த இனம் திரும்பி வராது, பொய்யிலிருந்தோ மனிதன் தவ்பா செய்து திரும்பலாம் என்கிறார்கள் அவர்கள். வலுவான வாதம்தான்; இரவில் உறங்குமுன் அதைப் பலமுறை புரட்டிப் பார்த்திருக்கிறோம். ஆனால் எண்ணிக்கையில் ஒருமுறை பொய் கண்ட அரசாங்கம் அடுத்த ஓடைக்காகக் கேட்கும்போது காது கொடுக்காது. அடுத்த ஓடையில் இருப்பவை உண்மையிலேயே ஆயிரத்துக்குக் குறைவாக இருக்கலாம்.

இத்தனை விவாதத்திலும் நாம் ஒருவரை மறந்தே பேசிவந்தோம். அம்மலைகளில் ஆடு மேய்க்கும் லூர் இனத்து இடையர்களுக்கு இம்முகவரி எக்காலத்திலும் இரகசியமாக இருந்ததில்லை. மந்தைக்கு நீர் காட்டப் போகும் குட்டையில் வசந்தம்தோறும் கறுப்பும் வெள்ளையும் செம்மஞ்சளுமாய் நீந்துவதை அவர்களும் அவர்கள் பாட்டன்மார்களும் பார்த்தே வந்திருக்கிறார்கள். வணிகன் வந்தபோது வழிகாட்டக்கூடியவர்களும் அவர்களே. ஆய்வாளர் வந்தபோது வழிகாட்டக்கூடியவர்களும் அவர்களே. வறுமையில் உழலும் ஒருவனிடம் வந்து, உன் ஆட்டுக்குட்டை நீரில் கிடக்கும் புழுவுக்குக் காசு தருகிறேன் என்றால், அவன் பாவத்தை எடைபோடும் தகுதி தொட்டிக்கு முன் சாய்வு நாற்காலியில் அமர்ந்து விலை பேசியவனுக்கு நிச்சயமாக இல்லை. நமக்கும் இருக்கிறதா என்பது ஐயமே. காட்டித் தராதே என்று அவனைக் கேட்டுக்கொள்ள வேண்டுமானால், முதலில் அது புழுவன்று, அவனுடைய மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை என்று அவனுக்குச் சொல்லியாக வேண்டும். தோஹாவிலும் சிகாகோவிலும் அறிந்ததை அவனும் அறிய வேண்டும். அபூஹுரைரா (ரலி) அவர்களின் முதல் பாத்திரம் அவனுக்குரியது. குளிர்காலம் தொடங்கி மழை பெய்து, பாறைக்கடியில் கிடப்பவை மீண்டும் நீரை நோக்கி ஊர்ந்து வருமுன் அவன் வாசலுக்கு அதைக் கொண்டு சேர்க்க வேண்டும்.